எங்கள் வீட்டு டேப் கொஞ்சம் வேகமாக ஓடியது

புதிதாக வாங்கிய ஸ்பீக்கரில் சில பாட்டுகள் தூங்கி வழிந்தன. எல்லாப் பாட்டும் இல்லை, சிறுவயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த முப்பது நாற்பது பாட்டுகளில் பாதி மட்டும். மற்றதெல்லாம் ஜோராக இருந்தது. கண்ணை மூடினால் பாடுகிறவர் எதிரே நிற்பார். ஆனால் அந்தக் குறிப்பிட்ட பாட்டுகளைப் போட்டால், முந்தின ராத்திரி சரியாகத் தூங்காதவர் வந்து பாடியது போல ஓர் இழுவை.

இதற்கு நான் பார்த்த வைத்தியங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் ஸ்பீக்கர் வயரை மாற்றினேன். அப்புறம் கணினிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் உட்கார்ந்து, கோப்பில் உள்ள எண்களை ஒலிச் சமிக்ஞையாக மாற்றித் தரும் டிஏசி பெட்டியை மாற்றினேன். பாட்டுக் கோப்புகள் சரியில்லையோ என்று அதே பாட்டுகளை வேறு வேறு இடங்களிலிருந்து வாங்கிப் பார்த்தேன். கடைசியில் ஸ்பீக்கரையே மாற்றினேன். புது ஸ்பீக்கரிலும் அதே பாட்டுகள் அதே மாதிரி தூங்கின. கோளாறு பெட்டியில் இல்லை என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கண்டுபிடித்தது என் மனைவி. அவள் சிறுவயதில் முறையாகப் பாட்டுக் கற்றவள். நான் குளியலறைப் பாடகன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, மத்த பாட்டெல்லாம் ஓரளவு சரியாத்தான் பிடிக்கிறீங்க. இதை மட்டும் ஏன் எப்பப் பாத்தாலும் மேல ஏத்திப் பாடுறீங்க?" என்றாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடனே அசல் பாட்டைப் போட்டுக் காட்டினாள். மேலேதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, நான் எதிர்பார்க்காத நேரத்தில் மறுபடியும் பாடச் சொன்னாள். அதே அளவு மேலே, வேகமும் ஒரு சொட்டு கூடுதல். அவளுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஒரு தாளை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளை எழுதி, ஒவ்வொன்றாக என்னைப் பாட வைத்து, 'சரி', 'மேலே' என்று குறித்துக்கொண்டே வந்தாள். 'மேலே' என்று குறித்த பாட்டுகளைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அத்தனையும் கடையில் வாங்கிய கேசட்டில் கேட்டவை. 'சரி' என்று குறித்த பழைய பாட்டுகள் எல்லாம் நாங்கள் ரேடியோவிலிருந்து டேப்பில் பதிந்து வைத்தவை.

எங்கள் வீட்டில் இருந்தது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். அதன் மோட்டார் வேகமாக ஓடியிருந்தால், வேறு இடத்தில் சரியான வேகத்தில் பதிந்து விற்ற கேசட் எங்கள் வீட்டில் ஸ்ருதி ஏறித்தான் கேட்கும். ஆனால் அதே மெஷினில் பதிந்து அதே மெஷினில் போட்டால், பதியும்போது கூடிய வேகமும் ஓடும்போது கூடிய வேகமும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொள்ளும். பாட்டு சரியான ஸ்ருதியிலேயே வரும். கேசட் நாடா ஓட வேண்டிய வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். வீட்டு மெஷின்களில் அது கொஞ்சம் முன்பின் இருப்பது சகஜம்தான்.

அந்த மெஷின் இப்போது பரணில் கிடக்கிறது. ரப்பர் பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்லவேளையாக என் தங்கை பல வருடங்களுக்கு முன்பே அதிலிருந்து கணினிக்கு வயர் போட்டுச் சில கேசட்டுகளை ஏற்றி வைத்திருந்தாள். அந்தக் கோப்புகளை வாங்கிப் பார்த்தேன். அசலில் சரியாக 4 நிமிடம் ஓடும் பாட்டு தங்கையின் கோப்பில் 3 நிமிடம் 53 விநாடியில் முடிந்துவிட்டது. 240 விநாடிக்கு 7 விநாடி, அதாவது 3 சதவீதம் வேகம். சங்கீதக் கணக்கில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த அரைச்சுரத்துக்குப் போகும் தூரத்தில் பாதி.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"நம்ம டூ-இன்-ஒன்ல மோட்டார் மாத்தினீங்களா?"

"ஆமா, நீ சின்னப் பையன் அப்ப. பழசு எரிஞ்சு போச்சு. வேற ஒண்ணு வாங்கிப் போட்டேன். பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும்ல, அதுல ஸ்க்ரூ டிரைவர விட்டுத் திருப்பினா வேகம் கூடும், குறையும்."

"எந்த வேகத்துல வச்சீங்க?"

"காதுக்கு எங்க நல்லா இருந்துச்சோ அங்க வச்சேன்."

"அளந்து பாக்கலையா?"

"எத வச்சுடா அளக்குறது?"

அப்பா எதிலும் வேகக்காரர். படியிறங்கினால் ஒன்றுவிட்டு ஒன்றுதான் மிதிப்பார். அவர் காதுக்கு நல்லா இருந்த இடம் 3 சதவீதம் மேலே இருந்திருக்கிறது. அந்த ஓட்டையில் அவர் ஒரு நூலளவு திருப்பியது, முப்பத்தைந்து வருடம் கழித்து என்னை இரண்டு ஜோடி ஸ்பீக்கர் வாங்க வைத்திருக்கிறது.

சாதாரணக் காதுக்கு இவ்வளவு நினைவிருக்குமா என்று எனக்கே சந்தேகம் வந்து தேடிப் படித்தேன். 1994இல் டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைச் சிலரை நினைவிலிருந்து பாடச் சொல்லி அசலோடு ஒப்பிட்டார். பலரும் அசல் ஸ்ருதியிலோ அதற்கு மிக அருகிலோதான் பாடினார்கள். வேகத்தை வைத்து 1996இல் அவரும் பெர்ரி குக்கும் பார்த்தபோது, பாடியவற்றில் பெரும்பாலானவை அசல் வேகத்துக்கு 8 சதவீதம் முன்பின்னுக்குள் இருந்தன. சங்கீதம் தெரிந்தால்தான் என்றில்லை. திரும்பத் திரும்பக் கேட்டது அப்படியே பதிந்துவிடுகிறது. என் தலையில் பதிந்த பிரதி அப்பா திருப்பிய ஸ்க்ரூவோடு பதிந்தது. அதற்கு முன்னால் எந்த ஒலிப்பெட்டியை வைத்தாலும் அது தோற்றுத்தான் போகும்.

இதற்குப் பிறகு, வேறு எதையெல்லாம் பெட்டியின் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வால்யூம். அம்மாவுக்கு ராத்திரி வேலை. பகலில் தூங்குவார். அதனால் எங்கள் வீட்டில் ரேடியோ எப்போதும் காதை அருகில் வைத்தால் கேட்கும் அளவுக்குத்தான் பாடும். நான் இன்றும் அப்படித்தான் கேட்கிறேன்; கொஞ்சம் கூட்டினாலே யாரையோ எழுப்பிவிடுவோமோ என்று கை தானாகக் குமிழுக்குப் போகும். மனைவி வளர்ந்தது பரபரப்பான சாலையை ஒட்டிய, ஆள் நிறைந்த வீடு. அங்கே பாட்டு கேட்க வேண்டுமானால் லாரியையும் மாமாக்களின் பேச்சையும் மீறித்தான் கேட்க வேண்டும். அவளுக்கு நான் வைக்கும் சத்தம் பாட்டே இல்லை, பாட்டின் வதந்தி. எனக்கு அவள் வைப்பது சண்டை. கல்யாணமான புதிதில் ஒருவர் அறையை விட்டு வெளியே போனால் மற்றவர் குமிழைத் திருப்புவதே வேலை.

இதில் எனக்கு நிஜமாகவே ஒரு நஷ்டம் இருந்தது. என் சிஸ்டத்தில் பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, போதவில்லை என்று ரொம்ப நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். பெரிய ஸ்பீக்கர் வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மனிதக் காதே அப்படித்தான் அமைந்திருக்கிறது. சத்தம் குறையக் குறைய, நடு ஒலிகளை விடத் தாழ்ந்த ஒலிகள் முன்னதாகவே காதுக்கு மங்கிப்போகின்றன. 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து வளைகோடுகளாக வரைந்துவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னெஸ்' என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்காக வைத்ததுதான். தாழ்ந்த சத்தத்தில் கேட்கும்போது பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அது ஏதோ ஏமாற்று வேலை, சுத்தமான ஒலிக்கு விரோதம் என்று எங்கோ படித்துவிட்டு அதை நான் தொட்டதே இல்லை. மனைவி கேட்கும் அளவில் அதே ஸ்பீக்கரில் பேஸ் தாராளமாக இருந்தது. இப்போது எனக்கென்று, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபல் கூட்டி ஓர் அமைப்பு, அவளுக்கு எதையும் தொடாமல் ஓர் அமைப்பு. குமிழ் யுத்தம் ஓய்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்திருக்கிறது.

நீங்களும் தணிந்த சத்தத்தில் கேட்கிறவர் என்றால், பேஸுக்காகப் பெரிய பெட்டி வாங்கும் முன் அந்தப் பொத்தானை ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஒற்றை ஸ்பீக்கர். எங்கள் டூ-இன்-ஒன்னில் இருந்தது உள்ளங்கை அகல மோனோ ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. அதில் கனத்த பேஸ் எதுவும் வந்திருக்க வாய்ப்பே இல்லை. ஓர் ஆணின் பேச்சுக் குரலின் அடிப்படை ஒலி சுமார் 100, 120 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைக்கூட ஒழுங்காகக் கொடுத்திருக்க முடியாது. ஆனாலும் கனமான ஆண்குரல் கனமாகவே கேட்டது. குரலில் உள்ள மேல் அடுக்குகளை வைத்து, வராத அடித்தளத்தை மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளும். ஃபோனில் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்பதும் இதனால்தான். பத்துப் பதினைந்து வருடம் என் மூளை பாதிப் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்திருக்கிறது. எல்லாவற்றையும் கையில் கொடுத்துவிடும் ஸ்பீக்கர் முன்னால் அதற்குச் செய்ய வேலை இல்லாமல் போனது. இது என் ஊகம்தான். ஆனால் அந்த வெறுமையை நான் உணர்ந்திருக்கிறேன்.

ஊகம் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்டீரியோவில் நடுவில் நிற்பதாகத் தோன்றும் குரல் உண்மையில் நடுவிலிருந்து வருவதில்லை. இரண்டு ஸ்பீக்கரும் அதே குரலைக் கொடுக்கின்றன. ஒவ்வொரு காதுக்கும் அது இரண்டு தடவை, மிக நுண்ணிய நேர வித்தியாசத்தில் வந்து சேர்கிறது. அந்த மோதலில் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுகிறது. பேச்சின் தெளிவுக்கு முக்கியமான பகுதி அது. ஒற்றை ஸ்பீக்கரில் இந்தப் பள்ளம் கிடையாது. "அந்தக் காலத்து மோனோவில் குரல் எப்படி நின்னுச்சு தெரியுமா" என்று பெரியவர்கள் சொன்னால் அதை முழுக்க ஏக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். நான் இப்போது பழைய மோனோ பதிவுகளை ஒரே ஒரு ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன், இன்னொன்றை அணைத்துவிட்டு. செலவே இல்லாமல் கிடைத்த முன்னேற்றம்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருடம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். மெஷின் எப்போதும் என் இடதுபக்கம். காதடைப்பான் போட்டுக்கொள்வதைக் கோழைத்தனம் என்று நினைத்த வயது. புது சிஸ்டத்தில் குரல் நடுவில் நிற்காமல் வலதுபக்கம் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பதாகத் தோன்றியபோது, வழக்கம்போல வயரை இடம் மாற்றி, ஸ்பீக்கரை இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியாகக் காதுப் பரிசோதனைக்குப் போனேன். இடது காதில் 4000 ஹெர்ட்ஸில் ஒரு குழி. இரைச்சலில் வேலை செய்தவர்களின் வரைபடத்தில் அடிக்கடி வரும் குழிதானாம். நாள் முழுக்க, 8 மணி நேரத்துக்கு, 85 டெசிபல்தான் வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது தொழில்சார் நலத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2. எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது. பேலன்ஸ் குமிழை இடதுபக்கம் துளி நகர்த்தினேன். குரல் நடுவுக்கு வந்தது. ஒரு சிஸ்டம் வாங்கும் முன் முதலில் செய்ய வேண்டியது காதுப் பரிசோதனை என்று இப்போது கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால், நல்ல ஒலி என்று ஒன்று கிடையாது, எல்லாம் அவரவர் வளர்ப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி இல்லை. ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்க விட்ட சோதனைகளை ஃபிலாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் பல வருடம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற காதும் பயிற்சி இல்லாத காதும் பெரும்பாலும் அதே ஸ்பீக்கர்களைத்தான் முன்னால் வைத்தன. பயிற்சி உள்ளவர்கள் இன்னும் கறாராக, தடுமாறாமல் மதிப்பெண் போட்டார்கள், அவ்வளவுதான். 1994இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். எது ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தபோது மதிப்பெண்கள் மாறிவிட்டன. பெட்டியின் அளவும் பெயரும் காதுக்குள் புகுந்துவிட்டன.

ஆக, எது நல்ல ஸ்பீக்கர் என்பதில் மனிதர்கள் அவ்வளவு வேறுபடுவதில்லை. எந்தப் பாட்டு, எந்தச் சத்தத்தில், எங்கே உட்கார்ந்து, எந்த வேகத்தில் கேட்டால் நெஞ்சு நிறையும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறோம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, இரண்டாவதன் குறையை முதலாவதில் தேடியதுதான் நான் செய்த தவறு.

கடையில் சோதித்துப் பார்க்கப் போகும்போது பிடித்த பாட்டை எடுத்துப் போ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் போனேன். பிடித்த பாட்டு வந்தவுடன் காது கேட்பதை நிறுத்திவிட்டு நினைவு கேட்க ஆரம்பித்துவிடும். பதின்ம வயதிலும் அதை ஒட்டிய வருடங்களிலும் கேட்ட பாட்டு மற்றவற்றை விட ஆழமாக நினைவில் தங்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கும் முடிவு. அந்தப் பாட்டில் ஸ்பீக்கரை எடை போடுவது, சொந்தக்காரர் வழக்கில் தீர்ப்புச் சொல்வது மாதிரி. பிடித்த பாட்டு இரண்டு கொண்டுபோங்கள்; கூடவே நன்றாகப் பதிவான, உங்களுக்குப் பெரிய ஒட்டுதல் இல்லாத பாட்டு இரண்டு. ஸ்பீக்கருக்கு மதிப்பெண் இரண்டாவது ஜோடியை வைத்துப் போடுங்கள். முதல் ஜோடியில் ஏதோ இடிக்கிறது என்றால், அந்தப் பாட்டை முதன்முதலில் எதில் கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்த அளவில் வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தால்கூட, சத்தம் கூடியிருக்கிறது என்று தெரியாது, 'நல்லா இருக்கே' என்றுதான் தோன்றும்.

கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பாட்டு வரிசையும் நினைவில் இருக்கிறது. எனக்கு ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் ஒலி மண்டைக்குள் தானாகத் தொடங்கிவிடும். ரேடியோவில் பதிந்த ஒரு பாட்டு, கடைசி வரிக்கு முன்பே அறிவிப்பாளர் நேரம் சொல்லி நுழைவதோடுதான் எனக்கு முடிகிறது. முழுப்பாட்டையும் இப்போது கேட்டால், அந்தக் கடைசி வரி யாரோ பின்னால் சேர்த்த மாதிரி இருக்கிறது. பழைய கேசட்டுகளின் வரிசையை அப்படியே எழுதிப் பட்டியலாகப் போட்டு வைத்தேன். செய்து பாருங்கள், ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

வேகத்துக்கு வருகிறேன். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மாற்ற ஒரு வசதி உண்டு. டேப்பில் நடப்பது போலவே வேகமும் ஸ்ருதியும் சேர்ந்து ஏறும். வேகத்தை மட்டும் கூட்டி ஸ்ருதியை அப்படியே நிறுத்தும் வசதியும் அதில் இருக்கிறது. நமக்கு வேண்டியது அது இல்லை. தூங்கி வழிந்த பாட்டுகள் மொத்தம் பதினெட்டு; அவற்றுக்கு 3 சதவீதம் ஏற்றித் தனியாகச் சேமித்து வைத்தேன். முதல் பாட்டைப் போட்டதும் தெரிந்துவிட்டது. பாடுகிறவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து பாடினார்.

போன மாதம் அப்பா வந்திருந்தார். ஸ்பீக்கரைக் காட்ட வேண்டுமே என்று, அவருக்குப் பிடித்த ஒரு பாட்டை வேண்டுமென்றே அசல் வேகத்தில் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லவி முடியும்வரை கேட்டார். அப்புறம் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார், எதையோ தேடுகிற மாதிரி.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் இழுக்குதே? இதுல திருப்புறதுக்கு எதுவும் இல்லையா?"

மற்ற பட்டியலுக்கு மாற்றினேன். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "மறுபடியும் ஏத்திட்டீங்களா?"